பெருவிரல் படாத தேநீர்

நோட்டன் பிரிட்ஜ் டவுனில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களில் செபமாலையின் பெருவிரலைக் குடிக்காதவர் எவருமில்லை. நல்லமுத்து முதலாளியின் தேநீர்க் கடையில் டீ கொண்டுவந்து கொடுக்கிறவன் அவன்தான். கிளாஸைத் தூக்கினானென்றால் நாலு விரல் வெளியே நிற்கும், பெருவிரல் மட்டும் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும். கேட்டால், "சூடு இருக்கான்னு பாக்க வேணாமா?" என்பான். கொழுந்து பறிக்கப் போகும் வழியில் நிற்கிற மீனம்மா தினமும் கிளாஸை வாங்குமுன், "அண்ணே, மொதல்ல வெரல எடுங்க" என்று சொல்லுவாள். அவன் எடுப்பான். மறுநாள் திரும்பவும் போடுவான். பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் நிமிர்த்த முடியுமா?

செபமாலை பிறந்தது அக்கரப்பத்தனை. பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். ஒரே ஒரு மழைக்காலம் மலையேறினான். கால் முழுக்க அட்டை. "அட்டைக்குக் குடுக்கிற ரத்தத்த ஒரு மொதலாளிக்குக் குடுத்தா சோறாவது போடுவாரு" என்று சொல்லிவிட்டு டவுனுக்கு இறங்கியவன்தான். தோட்டத்தில் அவன் பேரை வெட்டினார்கள். அதன்பிறகு நோட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் றோசலினைக் கட்டி, அவள் பேரில் தோட்டம் கொடுத்த லயக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், குடியிருந்தான். அந்த வீட்டில் அவன் பேரில் இருந்தது அந்தோனியார் படம் ஒன்றுதான்.

இறக்குமதிக் கதவை அகலத் திறந்துவிட்ட காலம் அது. டேப் ரெக்கோடரும் நைலோன் சேலையும் மலைக்கு ஏறிவந்த அதே லொறியில், முதலாளியின் சிங்கப்பூர் மச்சான் ஒரு டீ மிசினையும் ஏற்றி அனுப்பினார். எங்கள் மலையில் பறித்த கொழுந்துதான், தூளாகி, கடல் கடந்து போய், தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஊர் திரும்பியிருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரில் எடுத்த கரண்டு கொழும்புவரை போகிறது, பக்கத்து லயத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை. அந்தக் கரண்டில் மிசினுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. சிவப்பு நிறம், ஆளுயரம், நெற்றியில் ஒரு விளக்கு, நெஞ்சில் காசு போடும் துவாரம். காசு போட்டால் கடதாசிக் கப் விழும், அதில் டீ விழும்.

"செபமாலை, நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார் முதலாளி.

"அப்ப கிளாஸ யாரு கழுவுறது மொதலாளி?"

"கிளாஸே கெடையாது. கடதாசிக் கப்பு."

"சீனி கூடக் கேட்டா?"

"அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு."

"வர்றவங்கள நல்லா இருக்கீங்களான்னு யாரு கேப்பா?"

"நீ என்னைக்குக் கேட்ட?"

நியாயமான கேள்வி. செபமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். முதலாளி மிசினைக் கடைவாசலில், ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். நல்ல நாள் பார்த்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, தலையில் சிவப்புப் பட்டுத் துணி சாத்தி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினார். 'கை படாத தேநீர்' என்று மேலே ஒரு போர்டும் தொங்கியது. அது யாருடைய கையைக் குத்திக்காட்டுகிறது என்று ஊருக்கே தெரியும்.

செபமாலை றோசலினின் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றான். "ஒரு தோட்டத்துல பேர் வெட்டுனா எல்லாத் தோட்டத்துலயும் வெட்டுனதுதான்" என்று அவர் தலை நிமிராமலே சொல்லி அனுப்பினார். றோசலின் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சத்தமே போடவில்லை. "சரி, நான் மலைக்குப் போறேன். நீங்க ஒல வைங்க" என்றாள். மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கொழுந்து மலையே சிரித்தது. "அக்கா, ஒங்க டீக்கடை நடந்து வருது" என்றாள் ஒருத்தி. செபமாலைக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அந்தோனியார் முன்னால் முழங்காலில் நின்று, "காணாமப் போனதையெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு நீங்கதானே சாமி. என் வேலையக் காணோம்" என்றான்.

அந்தோனியாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர் வந்த வழிதான் கொஞ்சம் சுற்றுவழி.

அந்த ரோட்டில் ஓடும் பஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிடுகிடு பள்ளத்தை ஒட்டிய பாதை. வழியில் கோயில் வந்தால் சாமி எந்தச் சாமி, டிரைவர் எந்த ஆள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பஸ்ஸை நிறுத்துவார்கள், கண்டக்டர் இறங்கி உண்டியலில் காசு போடுவார், கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஒருநாள் விடிகாலை, முன்னால் போகிற ஆள் தெரியாத மூடுபனியில் டிரைவர் சின்னத்தம்பி பஸ்ஸை ஓட்டிவந்தார். சிவப்புப் பட்டு, மாலை, குங்குமம், எரிகிற விளக்கு, காசு போடும் துவாரம். வேறென்ன வேண்டும்? பஸ் நின்றது. கண்டக்டர் காசைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெட்டி உறுமியது. கப் விழுந்தது, ஆவி பறக்கத் தண்ணீர் விழுந்தது.

"சாமி தீர்த்தம் விடுது" என்றாள் அந்த வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்த மீனம்மா. அவளே முதலில் செருப்பைக் கழற்றினாள்.

அவ்வளவுதான். போர்டைப் படித்துச் சிரித்த ஊரே அதை மறந்தது. அடுத்த பஸ்ஸும் நின்றது. தலைக்குக் குளித்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். கப்பை இரண்டு கையிலும் ஏந்தி ஒரு வாய் குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். சீனிப் பொத்தானுக்குப் பூ வைத்தார்கள். காசு விழுகிற சத்தத்தைக் கேட்டு முதலாளி முதலில் மகிழ்ந்துதான் போனார். பிறகுதான் உள்ளே பார்த்தார். மீன் வைத்த மாலுபானும் கட்லட்டும் கண்ணாடிப் பெட்டியில் காய்ந்துகொண்டிருந்தன.

"சாமிக்கு முன்னால மீன் விக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று ஒரு கிழவர் கடைக்குள் எட்டிப்பார்த்துத் திட்டினார். டீக்கடைக்கு டீயில் என்ன லாபம்? தின்கிற சாமானில்தான் பிழைப்பு. அது படுத்துவிட்டது. முதலாளி மாலையைக் கழற்றினார், மறுநாள் அதைவிடப் பெரிய மாலை கிடந்தது. மிசினைத் தூக்க ஆள் கூப்பிட்டார், சாமி மேல் கை வைக்க ஒருத்தனும் வரவில்லை. கடைசியில் செபமாலையைத் தேடி லயத்துக்கே ஆள் அனுப்பினார்.

"இது சாமி இல்ல, டீ மிசினுன்னு சனங்களுக்குச் சொல்லு. நம்ப வச்சிட்டேன்னா வேலை ஒனக்கு. முடியலேன்னா கடையையே பூட்டிட்டு நான் மச்சான்கிட்டப் போறேன்."

செபமாலை மறுநாள் விடிய வந்து மிசினுக்குப் பக்கத்தில் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தான். பஸ் வந்து நின்றது. "இது டீங்க. வெறும் டீ. மொதலாளியோட மச்சான் அனுப்புன மிசின்" என்று தொண்டை வறளக் கத்தினான்.

"அந்தோனியாரக் கும்பிடுற வேதக்காரர் வேற எப்பிடிச் சொல்லுவாரு?" என்றார் கண்டக்டர். கூட்டம் அவனை விலக்கிவிட்டு வரிசை பிடித்தது. "நம்ம சாமியப் பத்தி ஒங்களுக்கு என்னண்ணே தெரியும்? தள்ளிக்கங்க" என்றாள் மீனம்மா. கடை வாசற்படியில் முதலாளியின் முகம் செத்துப்போயிருந்தது. போச்சு, இனி ஆயுசுக்கும் உலை வைக்க வேண்டியதுதான் என்று செபமாலைக்குத் தோன்றியது.

மீனம்மா காசைப் போட்டாள். பெட்டி உறுமியது. கப் நிறைந்தது. அவள் கண்ணை மூடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தி டீக்குக் கை நீட்டி நிற்கிறாள், டீ சும்மா இருக்கிறது. இத்தனை வருஷம் பழகிய உடம்பு அதைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? செபமாலை தன்னை அறியாமலே கப்பை எடுத்து நீட்டினான். நாலு விரல் வெளியே. பெருவிரல் உள்ளே.

மீனம்மா கண்ணைத் திறந்தாள். கப்பைப் பார்த்தாள்.

"அண்ணே, மொதல்ல வெரல எடுங்க" என்றாள்.

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"அட, நம்ம கடை டீதான்" என்றாள். "சீனி பத்தல."

சின்னத்தம்பி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை, இத்தனை நாள் போட்ட காசு அவர் கண்முன்னால் வந்து போயிருக்கும். பிறகு அவரும் ஒரு கப் வாங்கி, ஒரு மாலுபான் கேட்டார். கழற்றிய செருப்புகளை ஒவ்வொருவராகத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த பஸ்ஸிலும் சிலர் கும்பிட்டபடி இறங்கினார்கள். செபமாலை கப்பை எடுத்து, இந்தத் தடவை தெரிந்தே விரலைப் போட்டு நீட்டினான். கும்பிட்ட கை தானாக இறங்கியது.

சாயங்காலம் கண்ணாடிப் பெட்டி காலியாகியிருந்தது. முதலாளி 'கை படாத தேநீர்' போர்டை ஒரு தடவை பார்த்தார், செபமாலையின் கையை ஒரு தடவை பார்த்தார்.

"நாளைக்கு வந்துரு" என்றார். கொஞ்சம் தயங்கி, "வெரலோட வா" என்றார்.

"வேற எங்க வச்சிட்டு வர்றது மொதலாளி?" என்றான் செபமாலை.