முதுகு முட்டிய கோலாட்டம்

நேற்று மன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ரீச்சரின் மடியில் ஒரு கட்டுக் கோலாட்டக் கம்பு. புதிதாய்ச் சீவிய பூவரசு. அந்தப் பச்சை மணத்தில் நான் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. அது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து சரியான இடத்தில் நான் இறங்கியது குறைவு.

மணம் என்னை வங்காலைக்குக் கொண்டுபோனது. அப்போது அங்கே கரைவலை இழுத்தேன். பாட்டுக்கு அடிவைத்து, கயிற்றோடு பின்பக்கமாய் நடக்கிற வேலை. உள்ளங்கை உரியும். பின்னேரம் சோறும் மீனும் கிடைக்கும், நல்ல மீன்.

வலைக்காரரின் மகன் அன்ரன், பெரியமடுக் கமலாவைக் கட்டினான். அவர்கள் வயல்காரச் சைவக் குடும்பம். கமலாவின் தகப்பன் ஒரே சொல்லில் நின்றார்: "கலியாணத்துக்குத் தலையைக் காட்டுவன். அங்கை கை நனைக்க மாட்டன்."

"அப்பா ஒரு பிடி சோறு சாப்பிட்டாப் போதும், மச்சாள்," என்று கமலா அன்ரனின் அக்கா ஸ்டெல்லாவிடம் அழுதாள்.

ஸ்டெல்லா மாதா கோயில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்குகிறவள். "அழாதை. ரெண்டு பகுதியையும் ஆடவைக்கிறன். ஆடிக் களைச்ச மனிசர் பசியோடை போகாயினம்."

பழைய ஆட்டத்தை எங்கள் வலைப்பாட்டின் தாளத்துக்கு மாற்றினாள். பெண்பகுதி ஒரு வரிசை, மாப்பிள்ளைப் பகுதி ஒரு வரிசை, முகத்துக்கு முகம். மேளம் விழுந்ததும் முன்னே வந்து கோல் தட்டவேண்டும். கலியாண நாளன்று பந்தலில் அப்படியே நின்றோம். மேளம் விழுந்தது. பழகின பாட்டல்லவா, எங்கள் கால்கள் பின்னுக்குப் போயின. எதிரில் நின்றவர்கள் குனிந்து பின்னுக்கு நகர்ந்தே நாற்று நட்டுப் பழகியவர்கள். அவர்களும் பின்னுக்குப் போனார்கள். கோல்கள் வெறும் காற்றைத் தட்டின.

"என்ன, எங்களைக் கண்டு ஓடுறியளோ?" என்று பெண்பகுதியில் ஒருவர் கேட்டார்.

"நீங்கள்தானே வரம்புக்கு ஏறுறியள்!"

பந்தல் சிரித்தது. தகப்பன் மட்டும் சால்வையை உதறி எழும்பினார். "சரி, வெளிக்கிடுவம்." மணவறையில் கமலாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எல்லாரும் திரும்புங்கோ! முதுகைக் காட்டுங்கோ!" என்று ஸ்டெல்லா கத்தினாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "மாமா, உங்கடை வரிசையிலை ஒராள் குறையுது. ஒருக்கா நில்லுங்கோ."

மறுப்பதற்குள் மேளம் விழுந்தது. இரண்டு வரிசையும் பின்னுக்கு நடந்தன. அவர் முதுகு வந்து முட்டியது என் முதுகில்தான். வெயிலில் கிடந்த பலகை மாதிரி இருந்தது. திரும்பினோம். கோல் தட்டினோம். மூன்றாம் சுற்றில் அவரும் சிரித்தார். பிறகு கால் நோகுதென்று கதிரையில் இருந்துவிட்டார். கமலா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பிடி வாயில் வைத்தார்.

"குழம்புக்கு உறைப்புக் காணாது, பிள்ளை," என்றார்.

கமலா உள்ளே ஓடிப்போய் அழுதாள்.

இப்போது வலையை உழவு மிசின் இழுக்கிறது. பெரியமடுவில் அவர்களும் நாற்று நடுவதில்லை, விதைத்துவிடுகிறார்கள். போன வருசம் கமலாவின் பிள்ளைகளுக்கும் அவர்களின் கூட்டாளிகளுக்கும் அந்த ஆட்டத்தைப் பழக்கப் பார்த்தேன். முதுகோடு முதுகாய் நிறுத்தி மேளத்தைத் தட்டினேன். இரண்டு வரிசையும் முன்னுக்கு நடந்து, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.