லிஃப்ட் சித்தப்பாவின் நாற்பது பேர்

சர்வர் மாற்றுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்த பேச்சு அது. மற்றவர்களின் வலைத்தளங்களை வாடகைக்கு வைத்து நடத்தும் சின்ன ஆபீஸ். பழைய சர்வரில் இருநூற்றுப் பன்னிரண்டு வலைத்தளங்கள் இருந்தன. பெயர் படிப்பது, ஆபீசில் எல்லோரும் மியூட் என்று கூப்பிடும் அவள் வேலை. "ஏத்து" என்றோ "விடு" என்றோ சொல்வது முதலாளி வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்வது, கூட வேலை பார்க்கும் தடியனுக்கு யாரும் கொடுக்காத வேலை.

நூற்று நாற்பதாவதில் அவள் நிறுத்தினாள்.

"இது உங்க சித்தப்பாவோடது சார்."

"எந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஓடுதுன்னு போடுவாரே, அந்த 'லிஃப்ட் நிலவர'மா? இன்னும் எழுதிட்டிருக்காரா மனுஷன்?"

"தினமும் எழுதறார். ஆனா ரொம்பப் பழைய சைட். புது சர்வர்ல அப்படியே ஓடாது. திருப்பி எழுத ரெண்டு நாள் ஆகும்."

"யார் பாக்கறாங்க?"

"மூணு மாசத்துல ரெண்டே ரெண்டு கம்ப்யூட்டர். அதுல ஒண்ணு அவரோடது."

"இன்னொண்ணும் அவர்தான்," என்றான் தடியன். "ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு தடவை கழட்டிட்டு."

முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏதாவது மெஷினா இருக்கும். விடு."

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா சார்?"

"சொன்னா அவ்வளவுதான். இங்க வந்து சட்டமா உக்காந்துடுவார். என் மொதல் சர்வரை அவர் வீட்டு உள்ளறைலதான் வெச்சேன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி ஆரம்பிப்பார்." கொஞ்சம் யோசித்தார். "ஏம்மா மியூட், மாத்தறதுக்கு முன்னாடி புது சைட்டை நம்ம மெஷின்ல மட்டும் திறந்து பாப்போமே, அதே வித்தையை அவர் மெஷின்ல பண்ணிடேன்."

அந்த வித்தை எளிது. ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். உலகம் ஒரு விலாசத்துக்குப் போகும். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் நாம் சொன்ன இடத்துக்குப் போகும். தளத்தின் நகலை அவர் கம்ப்யூட்டரிலேயே வைத்து அந்த வரியையும் எழுதிவிட்டால், ஊருக்கு மூடிய கடை அவருக்கு மட்டும் திறந்திருக்கும்.

இரண்டாவது கம்ப்யூட்டர் மெஷின் இல்லை என்று அவளுக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் வந்து, கண் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போகும். மெஷின் கிழமை பார்க்காது. சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்கு மியூட் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனாள். ஐந்தாவது மாடி. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். மீதியை ஏதோ ஒரு கதவு வாங்கிக்கொண்டது. கால் முடியாத மனைவி கடைக்குப் போய்த் திரும்பிய நாளில் வீட்டு லிஃப்ட் நின்றிருந்தது. படியேறியவள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. "நான் அப்ப ஊர்க்கோடில யார் வீட்டு லிஃப்ட்டையோ பிரிச்சுப் போட்டுட்டிருந்தேன்," என்றார். அதற்கப்புறம்தான் இந்தத் தளம். தினமும் பத்தொன்பது கட்டடங்களுக்கு நடந்து போவார். லிஃப்ட் ஓடினால் உச்சிவரை போய் வருவார். நின்றிருந்தால் எந்த மாடியில் நிற்கிறது என்று படியேறிப் பார்ப்பார். 'ஓடுகிறது. கதவு மெதுவாக மூடும், அவசரப்படாதீர்கள்' என்று எழுதுவார்.

"வேகமா திறக்கறதுக்கு ஏதோ பண்ணப் போறேன் சித்தப்பா," என்று பொய் சொல்லி நகலை வைத்தாள். ஆபீசிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் வழியையும் வைத்தாள்.

"அப்படியே எத்தனை பேர் பாக்கறாங்கன்னு ஒரு நம்பர் தெரியற மாதிரி செய்யேன் தாயி."

ஆபீசில் சொன்னபோது தடியன் மேசையைத் தட்டினான். "நாப்பது வெச்சுடு! ரவுண்டா வேணாம், கொஞ்சம் ஏறி எறங்கட்டும்."

அவள் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை பழைய சர்வர் அணைந்தது. திங்கள் காலை போன் வந்தது. "நாப்பத்தொண்ணும்மா! நாப்பத்தொரு பேர்!" தடியன் ஸ்பீக்கரில் போட, ஆபீசே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. அது தினசரி வாடிக்கையானது. அது சலித்துப்போன ஒரு நாள், "இன்னிக்கு சைபர் வெச்சுப் பாப்போம்," என்றான். அவள் கையே அதையும் செய்தது.

அன்று போன் வரவில்லை. ஏதோ தப்பாக எழுதிவிட்டோம், அதனால்தான் யாரும் வரவில்லை என்று நினைத்து, பத்தொன்பது கட்டடங்களையும் இரண்டாம் முறை சுற்றியிருக்கிறார். நான்கில் லிஃப்ட் நின்றிருந்ததாம். மறுநாள் முப்பத்தெட்டு என்று பார்த்ததும் கூப்பிட்டார். "கண் ஆஸ்பத்திரிய தப்பா போட்டிருந்தேன்மா. திருத்தினேன், திரும்ப வந்துட்டாங்க பாரு." ஆபீஸ் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் முட்டி வீங்கியதும் அன்றுதான்.

பத்து நாள் கழித்து வந்த போனை, ஸ்பீக்கரில் போடுவதற்குள் அவள் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"டாக்டர் படியே மிதிக்கக் கூடாதுன்னுட்டார் தாயி. பதினாறு கட்டடத்துக்கு வாட்ச்மேன்கிட்ட போன்ல கேட்டுக்கறேன். மூணுல வாட்ச்மேன் கிடையாது. மூணும் நீ வர்ற வழிதான். காலைல கொஞ்சம் முன்னாடி கெளம்பி, பட்டனை அமுக்கிப் பாத்துட்டு, ஓடலன்னா மட்டும் ஏறி எந்த மாடில நிக்குதுன்னு எனக்குச் சொல்றியா? எனக்காகக் கேக்கல. நாப்பது பேர் நம்பிட்டிருக்காங்க."