கட்டம் போட்ட முதுகு

படகின் தரையில் மல்லாந்து படுத்து, கடல்நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார் கலர்க்காரர். புட்டிக்குள், தூண்டிலில் இரையாகக் கட்டும் கிளிப்பச்சை ரப்பர் மீன் ஒன்று நூலில் தொங்குகிறது. ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். அதை எடுத்துவிட்டு வெள்ளையைப் போடுகிறார்.

"ஜோசியம் முடிஞ்சுதா மாமா? மீனெல்லாம் தூங்கிடப் போகுது" என்கிறான் எஞ்சின் ஓட்டும் மைத்துனன். இந்தச் சர்க்கஸைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துவிட்டது.

"நின்னுக்கிட்டுப் பாத்தா என்னடா தெரியும்? கீழ கெடக்கிறவன் கண்ணால பாக்கணும் மாப்ள."

அவர் சொல்வதும் வாஸ்தவம்தான். தட்டைமீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக் கிடக்கும். கலங்கிய தண்ணீருக்குக் கிளிப்பச்சை, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை என்பது அவர் கணக்கு. இரைப்பெட்டியில் ஓர் அறையை மட்டும் அவர் திறப்பதில்லை. அதில் இருப்பது ரோஸ்.

ரோஸ் அவருடைய அண்ணனின் நிறம். எந்தத் தண்ணீரானாலும் அதைத்தான் கட்டுவார்; தம்பியின் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒருநாள் தனியாகப் போனார். படகு மட்டும் கிடைத்தது. அன்று அவர் போட்டிருந்தது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. ஒரே துணியில் தைத்த தம்பியின் சட்டை, வெளுத்துப்போய், இன்னும் இவர் உடம்பில் இருக்கிறது.

தட்டைமீன் எதன் மேல் கிடக்கிறதோ அதன் நிறத்துக்கு மாறிவிடும். மணலென்றால் மணல், கூழாங்கல்லென்றால் புள்ளி. அதனால் மீன் ஏறியதும் கலர்க்காரர் எடையைப் பார்ப்பதில்லை. முதுகைத் தடவிப் பார்க்கிறார். மைத்துனனுக்குப் பொறுக்காதது இதுதான்.

"வேணாம் மாமா, அக்கா பாவம். தூக்கத்துல தலகாணியையும் இப்படித்தான் தடவுறீங்களாம்."

"அண்ணன் எங்க கெடக்கான்னு தெரிஞ்சா போதும்டா. அப்புறம் நானும் நிம்மதியாத் தூங்குவேன்."

வெள்ளையைக் கட்டி இறக்கினார். சற்று நேரத்தில் நூல் கனத்தது. மேலே வந்த மீன் துள்ளவில்லை. அதன் முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், கோணல்மாணலாக. ஓரத்தில் சட்டைப்பையின் மூலை மாதிரி ஒரு கோடு. கேலி பேச வாயெடுத்த மைத்துனன் குனிந்து பார்த்தான். மீனின் கண்கள் இரண்டும் தனித்தனியே உருண்டு, கலர்க்காரரின் சட்டையில் வந்து நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டங்கள் மங்கின. வெறும் மணல் நிறம்தான் மிஞ்சியது.

"பாத்தியா?"

"பாத்தேன் மாமா." இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவன் அப்படிச் சொன்னதில்லை.

மீனைத் தண்ணீரிலேயே விட்டார். இருமிக்கொண்டிருந்த எஞ்சினை யாரும் சொல்லாமலே மைத்துனன் அணைத்தான். கலர்க்காரர் மூடிக்கிடந்த அறையைத் திறந்து ரோஸ் இரையை எடுத்தார். அதைப் புட்டியில் போட்டுப் பார்க்கவில்லை. குறடால் அதன் கொக்கியை நறுக்கி எறிந்தார். பிறகு நூலில் கட்டி, மெல்ல மெல்லக் கீழே இறக்கத் தொடங்கினார்.