தொடக்கூடாத டம்ளர்கள்

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தலித்துகளுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார்கள். அந்த டம்ளர்களை ஊர் ஊராகக் கேட்டு வாங்கி, பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கண்காட்சி வைத்தேன். முந்தைய கண்காட்சியில் என் ஓவியங்களைத் தடவித் தடவியே பாழாக்கியிருந்தார்கள். அந்த எரிச்சலில் ‘தொடாதீர்கள்’ என்று பெரிதாக எழுதி மாட்டினேன்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் வந்து, அதை வாய்விட்டுப் படித்தார்.

“எங்கப்பா இதுலதான் டீ குடிச்சாக. இங்கனயும் தொடக்கூடாதாக்கும்?”

அவரே ஒரு டம்ளரை அவிழ்த்துக் கழுவி, வருகிறவர்களுக்காக வைத்திருந்த கேனிலிருந்து டீ பிடித்து, “குடி தாயி” என்று நீட்டினார். குடித்தேன். பிறகு இருவருமாக எல்லா டம்ளர்களையும் அவிழ்த்தோம். வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் டீ.

அந்தக் கண்காட்சியை நடத்திக் கொடுத்தவர் அவர்தான். நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

டம்ளர் தந்த டீக்கடைக்காரர் ஒருவரும் கடைசியில் வந்தார். அவருக்கும் அந்த அம்மாவே ஊற்றிக் கொடுத்தார். அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தார்.