ஜாஃபர் சாதிக்குக்கு மட்டும் கிடைக்காத லீவு

முத்துப்பேட்டை ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தார். பெரிய கட்டடங்களின் ஏசிக்குத் தகரக் குழாய் செய்கிற கம்பெனி. அவரோடு நம் ஊர்க்காரர்கள் இன்னும் இருபத்திரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். முதலில் போனவர் தம்பியை இழுத்தார், தம்பி மச்சானை இழுத்தார், மச்சான் தெருவையே இழுத்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டுக் கடைசியில் எண்ணெய் விலை படுத்துவிட்டது. கட்டடங்கள் பாதியில் நின்றன. கம்பெனி வியாழக்கிழமைதோறும் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியது. அதில் பெயர் இருந்தால் விசா கேன்சல், பத்து நாளில் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். போகிறவர் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் ஸ்டோரில் ஒப்படைத்து, ஜாஃபர் சாதிக்கிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதல் பட்டியலில் போனவர் நெய்னா முகம்மது. கையெழுத்து வாங்கியும் நகரவில்லை. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"காக்கா, ஊர்ல கேன்சல்னு சொல்லிப்புடாதீங்க. லீவுல வந்திருக்கேன்னு நான் சொல்லிக்கிறேன்."

"நான் எதுக்குடா சொல்றேன்?"

"உங்க வீட்லகூடச் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் இன்னும் இருபத்தோரு பேருக்கும் அதே சத்தியத்தைச் செய்தார்.

ஆறு மாதத்தில் இருபத்திரண்டு பேரும் ஊரில் லீவில் இருந்தார்கள். காலையில் குளித்து, செண்ட் அடித்து, மீன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். மார்க்கெட்டில் செண்ட் வாசனை மீன் வாசனையை அமுக்கிவிட்டது. மோப்பத்தை நம்பிப் பிழைத்த பூனைகள் வழி தவறி ஜவுளிக்கடைக்குள் உட்கார்ந்திருந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

ஊர் யோசித்தது. ஒருவர் தவறாமல் எல்லோருக்கும் மாதக்கணக்கில் லீவு கொடுக்கிற கம்பெனி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஜாஃபர் சாதிக்கின் மனைவி ஹபீபுன்னிசாவின் அண்ணன் அப்துல் மஜீது, தங்கை மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ள, எம் மவன் பாசித்துக்கு உங்க கம்பெனியில ஒரு விசா பாருங்க. சம்பளம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. லீவு குடுக்கிறான் பாருங்க, அதுதான் வேணும்."

ஜாஃபர் சாதிக் "பார்க்கலாம்" என்றார்.

ஊர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் லீவு கொடுக்கிற கம்பெனி இவருக்கு மட்டும் மூன்று வருடமாக ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. நெய்னாவின் மனைவி மர்யம்தான் பதிலைக் கண்டுபிடித்தார். "ஒண்ணு, ஆளு சரியில்ல. இல்லேன்னா வீடு ரெண்டு." திங்கட்கிழமை ஷார்ஜாவில் ஒரு நர்ஸ் உருவானார். புதன்கிழமை அவருக்கு இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமைக்குள் மூத்தது எல்கேஜியில் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் ஜாஃபர் சாதிக் வீட்டுக்குப் போன் பேசுகிற நாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க மச்சான். உங்களுக்கு மட்டும் லீவு இல்லையா?" என்று ஹபீபுன்னிசா கேட்டார்.

"ஸ்டோரைப் பாத்துக்க ஆள் வேணும்ல?"

"ஆளே இல்லாத கம்பெனிக்கு ஸ்டோர் எதுக்கு?"

இதே கேள்வியை ஜாஃபர் சாதிக்கும் மேனேஜரிடம் கேட்டிருந்தார். போகிறவர்களின் சாமானை வாங்கி வைக்க ஆள் வேண்டும், உன்னைக் கடைசியில் அனுப்புவோம் என்றார் மேனேஜர். கடைசி எப்போது என்பது அவருக்கும் தெரியாது.

காத்திருந்து கேன்சலில் போனால் டிக்கெட் கம்பெனி கொடுக்கும், சர்வீஸ் பணம் முழுதாக வரும். தானாக எழுதிக் கொடுத்தால் டிக்கெட் சொந்தச் செலவு, பணமும் பாதி. ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வியாழக்கிழமை பட்டியலைப் பார்ப்பார். பெயர் இருக்காது. பையைத் தொட்டுப் பார்ப்பார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே என்று அறைக்குத் திரும்பிவிடுவார். கடிதம் இரண்டு முறை சட்டையோடு சலவைக்குப் போய் வந்தது; இரண்டு முறையும் திரும்ப எழுதினார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. போனவர்கள் தலையணைகளை அவருக்கே விட்டுப் போயிருந்தார்கள். இருபத்திரண்டையும் அடுக்கிப் படுத்தால் மின்விசிறி மூக்கில் இடிக்கும் என்பதால் இருபதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹபீபுன்னிசா நலம் விசாரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்குள்ள வந்தா வாங்க. இல்லேன்னா வர வேணாம். வீடு எம் பேர்ல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

எங்கள் தெருவில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். அவருக்கு ஞாபகம் இருந்தது.

வியாழக்கிழமை பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்த்தார். இல்லை. கடிதத்தைக் கொடுத்தார். தன் ஹெல்மெட்டைத் தானே வாங்கி வைத்து, தானே கையெழுத்துப் போட்டார். சொந்தக் காசில் அன்றிரவு விமானத்துக்கே டிக்கெட் எடுத்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்துக்கு எதிரே டீக்கடை. நெய்னா முகம்மதுவோடு சேர்த்து ஒன்பது பேர் லீவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்துல் மஜீது.

"வாங்க மாப்ள! ஒருவழியா லீவு கெடச்சிருச்சா? திரும்பப் பயணம் எப்ப?"

ஒன்பது பேரும் டீயைக் குடிக்காமல் வாயில் வைத்திருந்தார்கள்.

"பயணம் இல்ல மச்சான். வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"இவ்வளவு லீவு குடுக்குற கம்பெனியையா?"

"ஆமா."

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல. பாசித்தையும் அங்க அனுப்பாதீங்க."

சத்தியத்தை மீறாமல் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள், நர்ஸ் கைவிட்டதில் ஜாஃபர் சாதிக்குக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது.

வீட்டில் ஹபீபுன்னிசா கதவைப் பாதிதான் திறந்தார்.

"லீவா?"

"இல்ல. விட்டுட்டு வந்துட்டேன்."

"யாரை?"

"வேலையை."

"அங்க வேற யாரும் இல்லையா?"

"தலையணைதான் இருந்துச்சு."

ஹபீபுன்னிசா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மூன்று வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. இரண்டாவது வீடு வைத்திருக்கிற ஆள் இப்படி இளைத்திருக்க மாட்டான்.

"ரூம்ல இருந்த மத்தவங்க?"

"அதைச் சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவங்க யாரும் லீவுல வரல. அப்படித்தானே?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்லல. உள்ள வாங்க."

மறுநாள் விடிந்ததும் நெய்னா முகம்மது வாசலில் நின்றார். செண்ட் அடித்திருக்கவில்லை.

"காக்கா, மஜீது காக்கா உங்க பேச்சை நம்பல. ஏஜெண்டுக்கிட்ட பாசித்துக்கு விசா வாங்கத் தென்னந்தோப்பை விலை பேசிட்டாரு. இன்னைக்கு அட்வான்ஸ் வாங்கறதா இருந்தாரு. விடியக்காலையில பள்ளிவாசல்ல வச்சுச் சொல்லிட்டேன், நான் கேன்சல்ல வந்தவன்னு."

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்தான் சொன்னேன். மத்தவங்க பக்கத்துலயே இருந்தாங்க, யாரும் மறுக்கல."

ஹபீபுன்னிசா அடுப்படியிலிருந்து கேட்டார். "மர்யத்துக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

நர்ஸைக் கிளப்பிவிட்ட மர்யத்தின் மேல் இருந்த கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் யாருக்கும் வாய்க்காது. ஹபீபுன்னிசா இடியாப்பத் தட்டை மூடி வைத்தார்.

"போய் நீங்களே சொல்லிடுங்க. வேற யாரும் சொல்லி அவ கேக்கக் கூடாது. சொல்லிட்டு ரெண்டு பேருமா பசியாற வாங்க."

நெய்னா போனார். பசியாறும் நேரம் போய், பகல் சாப்பாட்டு நேரமும் போய், மாலை அஸர் தொழுகை முடிந்த பிறகுதான் இருவரும் வந்தார்கள். மர்யத்தின் முகம் வீங்கியிருந்தது. ஹபீபுன்னிசா இடியாப்பத்தைச் சூடாக்கப் போனார்.