உப்பில்லாத சுண்டலும் சுருதி சேராத பாட்டும்

எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்காரிக்குப் பாட வராது. மாடம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. ஒவ்வொரு நவராத்திரிக்கும் என் வீட்டுக் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள். சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். முடிந்ததும் எல்லோரும் "ரொம்ப நல்லா இருந்தது" என்போம். பட்டென்று பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய நானே அதைச் சொல்லியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அவளுடைய பெண்ணுக்கு அடிபட்டது. படிப்பு முடிந்து நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்கூட்டரில் போகும்போது மேடவாக்கம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தாள், வாரை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் கழன்று ஓட, தலை ரோட்டில் மோதியது. மூளையில் ரத்தக்கட்டு, ஆபரேஷன், ஐ.சி.யு. என்று அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்கள். நான் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவேன், வருவேன், அவர்கள் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். நான் போகும்போதெல்லாம் அம்மாக்காரி பெண்ணின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். சாமி பேரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

பெண் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள். எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டு வந்தது, ஒன்றைத் தவிர. மனசில் பட்டதை மறைத்துப் பேச அவளால் முடியவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, போகப் போகக் குறையலாம், குறையாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பெல்லாம் அவள் பேசுவது கேட்க வேண்டுமென்றால் நாம்தான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட பெண்.

அவள் அம்மா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று மத்தியானங்களில் நான் போய்த் துணைக்கு உட்காருவேன். முதல் நாளே அவள் என்னை நேராகப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க ரொம்பப் பேசறீங்க. தலை வலிக்குது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சொல்ல நினைத்து விழுங்கிய வாக்கியம் அது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல சிநேகம்.

பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிற ஆட்டோக்காரரையும் அவள் விட்டுவைக்கவில்லை. "அண்ணா, உங்க சட்டை நாறுது" என்றாள் ஒரு நாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ ஹேண்டில்பாரில் கை வைத்தபடியே திரும்பி, "இன்னா பாப்பா பண்றது, காலைலேர்ந்து ஓட்டிகினு கீறேன். நாளைக்கு வேற சட்டை மாத்திகினு வரேன், பார்த்துட்டு சொல்லு" என்றார். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். "இப்ப ஓகே" என்று இவள் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியது.

சிரிக்க முடியாதவள் அவள் அம்மா மட்டும்தான். பெண் வாயைத் திறந்தாலே, "தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா" என்பாள். யாராவது பார்க்க வந்தால் பெண்ணை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, "தூங்கறா" என்பாள். வருகிறவர்களும் குறைந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ரூமுக்குள்ள அடைச்சு வைக்கறதுக்கா அவளைக் காப்பாத்திக் கொண்டுவந்தே?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழுதாள். "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு அக்கா. மூஞ்சிக்கு நேரா இப்படிச் சொல்ற பொண்ணை நாளைக்கு யாரு பக்கத்துல சேர்த்துப்பாங்க? ஒவ்வொருத்தரா ஒதுங்கிடுவாங்க. அதை அவ பார்க்கக் கூடாது."

அவள் பயம் நியாயமான பயம்தான்.

நவராத்திரி வந்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டேன். "நான் வரேன், அவ வேணாம்" என்றாள். சொன்னபடியே தனியாக வந்து, வாசல் பக்கமாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். கூடம் நிறையப் பெண்கள். சாமிக்குப் படைக்கிற பண்டத்தை யாரும் முன்னாலேயே வாயில் போட்டுப் பார்க்க மாட்டோம் இல்லையா, அப்படியே நைவேத்தியம் செய்து எல்லோருக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். "சூப்பர்", "உங்க கை பக்குவமே தனி" என்றெல்லாம் பாராட்டு. யாரோ அவளைப் பாடச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்போது வாசலில் பெண் வந்து நின்றாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தழும்பு தெரியாமல் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, தானாகவே வந்திருக்கிறாள். அம்மா பதறி எழுந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு, பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் சுண்டலைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாய் மென்றாள். "ஆன்ட்டி, இதுல உப்பே இல்ல."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டேன். உப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"அடிப்பாவிகளா! எல்லாரும் சூப்பர்னு சொன்னீங்களே!"

"உங்களுக்கு பி.பி.யோன்னு நெனச்சோம்" என்றாள் மூன்றாவது மாடிக்காரி. வீடே அதிர்ந்தது சிரிப்பில். உப்பு ஜாடி கைக்குக் கை போயிற்று.

அந்தக் குஷியில் மூன்றாவது மாடிக்காரி, "நீ சொன்னா கேப்பாங்க, அம்மாவைப் பாடச் சொல்லேன்" என்றாள்.

"அம்மாவுக்குப் பாட வராது" என்றாள் பெண்.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெண் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

"ஆனா ஆஸ்பத்திரில நீ பாடினல்ல. எனக்குக் கண்ணைத் திறக்க முடியல. யார் யாரோ பேசறாங்க, யாருன்னு தெரியல. பயமா இருந்துச்சு. அப்புறம் பாட்டு கேட்டுச்சு. அவ்ளோ மோசமா... நீ மட்டும்தான் பாடுவே. சரி, அம்மா இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சுது."

காதருகே அவள் முணுமுணுத்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மயக்கத்தில் கேட்டதெல்லாம் நினைவிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ, நான் கேட்கப்போவதில்லை.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்து போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ மோசமாவாடி பாடறேன்?"

"ஆமா. இப்பப் பாடு."

பெண்ணின் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்து அவள் பாடினாள். சுருதி ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள். மூன்றாவது மாடிக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே தாளம் போட்டாள். பாட்டு முடிந்தபோது, நல்லா இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னொண்ணு பாடு" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளை நான் அப்படிக் கேட்டேன்.