மர்சூக் ஹாஜியார் இப்போது இணைப்பில் இருக்கிறார்

மாத்தளை முத்துமாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வில்கமுவைப் பாதையில் ஒரு யானை எனக்கு வழிவிட்டு, தும்பிக்கையைத் தூக்கிச் சலாம் போட்டது என்று முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் சலாம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. யானை வழி மட்டும்தான் விட்டது. இதில் அப்படி எதையும் நான் கூட்டவில்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வாய்த்தது பின்னேரத்தில், லைட் எரிகிற ஒப்பீஸில் வந்தது. மர்சூக் ஹாஜியார் உயிரோடு இருந்த காலத்திலும் ஒப்பீஸ் நேரத்துக்கு வெளியே ஒரு வேலையும் செய்தவரில்லை. செத்த பிறகு மட்டும் எதற்காக மாறப்போகிறார்?

ஹாஜியார் மாத்தளை டவுனில் கராம்பு, சாதிக்காய், கறுவா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவரிடம் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவன் நான். பெயர் அழகுமுத்து. வேலையை விட்டுப் பல காலம் ஆகியும், அவர் மௌத்தான பிறகு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். கணக்குப் பார்க்க இல்லை. துணைக்கு உட்கார. அவருடைய மூத்த மகள் ஸஹ்னா மேல்மாடி ஒப்பீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணமாகாத பிள்ளை, தனியாக இருக்கக்கூடாது. வாலிபன் யாரையாவது துணைக்கு விட்டால் ஊர் பேசும். என்னை விட்டால் ஊர் என்ன பேசும்? சம்பளமாக ஒரு பிளேன்டீயும் மீன் வைத்த ஒரு மாலு பணிஸும் பேசி முடித்தோம்.

வேலை இதுதான். ஹாஜியாரின் தம்பி பஸ்லி, கம்பெனிக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார். பழைய பெயரில் இருந்த டொமைன் அன்றைக்குப் பின்னேரம் ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள், கிளவுட்டில் கிடக்கிற பத்திரங்கள், படங்கள், வெளிநாட்டுக்காரர்களின் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் புதுப் பெயருக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு விளங்கும்படி ஸஹ்னா சொன்னாள், வீடு மாறுகிற மாதிரி என்று. சாமான் ஏற்ற முன்னால் எந்த அலுமாரி யாருடையது, புது வீட்டில் அது யாருடைய அறைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் ஏற்றினால் பாதிச் சாமான் ரோட்டில் கிடக்கும்.

இங்கே ஒரு சிக்கல். ஹாஜியார் யாரையும் நம்பாதவர். எந்தப் பத்திரமானாலும் தன் கணக்கில்தான் திறப்பார். மற்றவர்கள் அதற்குள் போய் எழுதலாம், அவ்வளவுதான். ஆகவே அந்தக் கிளவுட்டில் இருந்த அலுமாரி எல்லாம் ஒரே ஆளுடையது. அந்த ஆள் மையவாடியில், மண்ணுக்கடியில் இருக்கிறார்.

அந்த அலுமாரிகளை யார் பெயருக்கு மாற்றுவது என்பதைப் பஸ்லி காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் அவர் பெயருக்கு. வேலை சரிவந்தால் ஸஹ்னா வீட்டில் இருக்கலாம், கல்யாணத்துக்கு நல்ல இடமொன்று உக்குவளையில் இருந்து வந்திருக்கிறது. சரிவராவிட்டாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும், இந்த வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனியைப் பிடித்துக்கொள்வார். வெளிநாட்டுக்காரர்களோடு நாலு வருடமாகப் பேசி வியாபாரம் நடத்தியவள் அவள். அவர் படியிறங்கியதும் ஹாஜியாரின் நாற்காலியில் கை வைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"ஐயா, வாப்பா இந்தக் கதிரைய எனக்கு எண்டுதான் செல்லியிருந்தாரு. யார்ட்டயும் செல்லல்ல. எனக்கிட்ட மட்டும்."

நான் பணிஸைத் தின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாத சொல்லுக்குச் சாட்சி ஏது?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு செக் பண்ண ஆரம்பித்தாள். திரையில் ஒரு தாள். இடப்பக்கம் பழைய பெயர்கள், வலப்பக்கம் அவை போய்ச் சேரவேண்டிய புதுப் பெயர்கள். ஒரு பொத்தானை அமத்தினால் ஒவ்வொரு வரியாகச் சோதிக்கும். சரி என்றால் பச்சை. பிழை என்றால் சிவப்பு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் சத்தம் சீராக விழவில்லை. விட்டு விட்டு விழுந்தது, யாரோ நடந்து நடந்து நிற்கிற மாதிரி. என் கால் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன் என்றது. எழுந்தேன், ஜன்னலடிக்குப் போனேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

எல்லா வரியும் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

மர்சூக் ஹாஜியார் இப்போது இணைப்பில் இருக்கிறார். அவர் வெளியேறிய பிறகு முயலவும்.

ஸஹ்னா அதை இரண்டு தரம் வாசித்தாள். அந்தக் கணக்கை ஜனாஸா எடுத்த வாரமே தன் கையால் மூடியதாகச் சொன்னாள். மறுபடி மூடினாள். மறுபடி செக் பண்ணினாள்.

இப்போது இணைப்பில் இருக்கிறார்.

நெட்வேர்க் பிழையாக இருக்கும் என்றாள். நானும் அப்படித்தான் என்றேன். நெட்வேர்க் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆம் என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

மணி ஐந்து ஆகியது. கராம்பு மணத்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, கீழே கராம்பு மூட்டைதான் அடுக்கியிருக்கிறது. அதன் பிறகு கேட்ட சத்தம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

டக்... டக்... டக்.

மேசைக் கண்ணாடியில் மோதிரம் படுகிற சத்தம். விலை யோசிக்கிறபோது ஹாஜியார் அப்படித்தான் தட்டுவார், வெள்ளி மோதிரத்தால். செத்தவரைக் குளிப்பாட்டுகிறபோது அந்த மோதிரத்தைக் கழற்றி, அவர் மனைவி றஹீமா உம்மாவிடம் கொடுத்ததை நான் அறிவேன்.

ஸஹ்னாவின் இரண்டு கையும் கீபோர்டில் இருந்தன. என் கை மடியில்.

"கேக்குதா ஐயா?"

"மழைம்மா" என்றேன்.

அப்போதுதான் தாளில் ஒரு நீலக் கோடு வந்தது. அதே தாளை வேறு யாராவது திறந்தால், அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறாரோ அதைச் சுற்றி நிறத்தில் கோடு வரும். பக்கத்தில் பெயரும் வரும். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பெயர் வாசிக்கத் தெரியும்.

மர்சூக்.

நீலக் கோடு மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே. கடைக்குள் உலாவுகிற முதலாளி மாதிரி, ஒவ்வொரு பெயரிலும் ஒரு கணம் நின்றது. ஒரு இடத்தில் தரிக்கவில்லை.

பிறகு தன் வரிக்கு வந்தது.

வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே பஸ்லி என்று இருந்தது.

பஸ்லி... பஸ்... ப...

கட்டம் காலியானது.

ஸஹ்னா மூச்சு விடாமல் பஸ்லி என்று மறுபடி அடித்தாள். சொன்ன சொல்லைச் செய்கிற பிள்ளை. அழிந்தது. இன்னொரு தரம் அடித்தாள்.

அழிந்தது.

டக்... டக்.

"வேற பேரு போட்டுப் பாரு மகள்" என்றேன்.

"யார்ட பேர?"

நான் ஹாஜியாரின் கதிரையைப் பார்த்தேன். அவளே தன் பெயரை அடித்தாள்.

நீலக் கோடு அந்தக் கட்டத்தில் நின்றது...

நின்றது...

அழிக்கவில்லை.

மெல்ல மங்கிப் போனது. சத்தமும் நின்றது. மழை மட்டும் பெய்தது.

செக் பண்ணினாள். சிவப்பு போகவில்லை, ஆனால் வசனம் மாறியிருந்தது. உரிமையாளரின் போனுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே அடிக்கவும் என்றது.

வீட்டுக்குப் போன் எடுத்தாள். றஹீமா உம்மா கணவருக்காக இத்தாவில் இருக்கிறவர், வெளியே வருவதில்லை. வாப்பாவின் போன் வீட்டில் இல்லை, ஜனாஸா அன்றைக்கே சாச்சா பஸ்லி வாங்கிக்கொண்டார் என்றாராம். பஸ்லிக்கு எடுத்தாள், அவர் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. ஆகவே வாப்பாவின் நம்பருக்கே எடுத்தாள். சாச்சாவின் பையில் இருக்கும், சத்தம் கேட்டால் எடுப்பார் என்று. ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசையில் வைத்தாள்.

ரிங் போனது.

போனது...

எடுத்தார்கள்.

பேச்சில்லை. மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்கிறபோது வருமே, அப்படி அடைத்த சத்தம். காற்றே இல்லாத சத்தம்.

"சாச்சா? கோட் ஒண்டு வந்திருக்கும். வாசிங்க."

மெதுவாக ஒரு குரல் வாசித்தது. சிங்களத்தில்.

"ஹதர... பஹ... பிந்துவ... அட்ட..."

பல்லேகமப் பக்கத்து விவசாயிகளோடு ஆயுள் முழுக்க விலை பேசிப் பேசி, ஹாஜியாருக்கு எண் என்றால் சிங்களத்தில்தான் வரும். தம்பிக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸஹ்னா அடித்துக்கொண்டே சத்தமாகக் கேட்டாள். "கடைசி இலக்கம் விளங்கல்ல. கொஞ்சம் சத்தமாச் செல்லுங்க."

"மெல்லப் பேசுங்க மகள்" என்றது குரல். "இங்க ஆக்கள் தூங்குறாங்க."

கடைசி இலக்கத்தைச் சொன்னது. வைத்துவிட்டது.

பச்சை.

எல்லா வரியும் பச்சை. ஸஹ்னா பொத்தானை அமத்தினாள். சாமான் எல்லாம் புது வீட்டுக்குப் போகத் தொடங்கியது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் அவள் பெயர்.

அப்போது படியில் காலடி கேட்டது. பஸ்லி, குடையை உதறிக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சா?"

"முடிஞ்ச சாச்சா. நீங்க கோட் வாசிக்காட்டி முடிஞ்சிருக்காது."

"என்ன கோட்?"

"வாப்பாட போனுக்கு வந்த கோட். இப்ப நீங்கதானே வாசிச்சீங்க. ஆக்கள் தூங்குறாங்க, மெல்லப் பேசுங்க எண்டு."

பஸ்லி குடையைச் சுவரில் சாத்தினார். அது விழுந்தது. எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"நாநாவ அடக்கின அண்டைக்கு, எந்த நேரமும் அவர்ட போனுக்குக் கோல். ஜனாஸா எத்தன மணிக்கு எண்டு கேட்டு. அத எண்ட சேட் பொக்கட்டுல போட்டுக்கிட்டுத்தான் மையவாடிக்குப் போனேன். கபுருக் குழிக்குள்ள நான்தான் எறங்கினேன், மையித்த வாங்கி வெக்க. குனிஞ்சேன். மேல ஏறி, மண்ணெல்லாம் போட்டு, கையக் கழுவக்குள்ளதான் பொக்கட்டப் பாத்தேன்."

அவர் பொக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தோண்டவா ஏலும்? யார்ட்டயும் செல்லல்ல. மதினிக்கிட்டயும் செல்லல்ல."

ஸஹ்னா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்லி என் பக்கம் திரும்பினார்.

"ஐயா. நீங்களும் கேட்டீங்களா?"

"ஸ்பீக்கர்லதானே இருந்துச்சு."

"நாநாட கொரலா?"

"முப்பது வருசம் ஏச்சு வாங்கின கொரலுங்க" என்றேன். "வேற ஆளுன்னு எப்படிச் சொல்றது?"

"உங்கட அம்மன் மேல செல்லுவீங்களா?"

சொன்னேன்.

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். தன் பெயர் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தார். மாற்றச் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, படியில் சத்தம் வராமல் இறங்கிப் போனார். அதன் பிறகு இன்றுவரை கேட்கவும் இல்லை. உக்குவளைக்காரர்களுக்கு, பிள்ளைக்கு இப்போது கல்யாண யோசனை இல்லை என்று அவரே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். ஹாஜியாரின் கதிரையில் இப்போது ஸஹ்னா இருக்கிறாள். பிளேன்டீயும் பணிஸும் எனக்குத் தவறாமல் வருகிறது.

அந்த நம்பருக்குப் பிறகு ஸஹ்னாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ்லி ஒரு நாள் எடுத்துப் பார்த்திருக்கிறார். பாவனையில் இல்லை என்றதாம். அவருக்கு அதைக் கேட்டும் நிம்மதியில்லை.

சத்தியம் பண்ணிவிட்டு ஒன்றை மறைத்தால் அம்மன் கண்ணைக் குத்துவாள், ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது; முன்னால் இருக்கிறவர்களின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொள்வேன். காதில் வைக்கிற மெஷின் அந்த வாரம் முழுவதும் கண்டியில், ரிப்பேர் கடையில் கிடந்தது.